தேமாவும் தனதானவும்

யாப்பிலக்கணம் கற்கத் தொடங்கிய நாளில் நம்மில் பலருக்கும் ஒரு வியப்பு ஏற்பட்டிருக்கும். நேரும் நேரும் சேர்ந்தால் தேமா. நிரையும் நேரும் சேர்ந்தால் புளிமா. நிரையிரண்டு கூடினால் கருவிளம். நேரை அடுத்து நிரை வந்தால் கூவிளம். ஓசைக்குப் பெயரிட வேண்டிய இடத்தில் இலக்கணக்காரர் மாமரத்தையும் விளாமரத்தையும் கொண்டுவந்து நட்டுவிட்டார். அந்தப் பெயர்கள் வெறும் பெயர்கள் அல்ல. தேமா என்று வாயால் சொல்லும்போதே நேர்நேர் நிகழ்ந்துவிடுகிறது. வெண்பா எழுதுகிறவனுக்கு ஓரிடத்தில் சொல் அகப்படவில்லையா, ‘கூவிளம்’ என்றே எழுதிவைத்துவிட்டு அடுத்த சீருக்குப் போகலாம். தளை தட்டாது, பொருள்தான் இருக்காது.

சந்தப்பாட்டின் வழி வேறு. திருப்புகழ்ப் பதிப்புகளில் பாடலுக்கு மேலே தன என்றும் தான என்றும் தந்த என்றும் சந்தக் குழிப்பு அச்சிட்டிருப்பார்கள். அதற்கும் அளவு உண்டு, ஒழுங்கு உண்டு. ஆனால் அது எந்த மரமும் அன்று, எந்தக் கனியும் அன்று. இன்ன இடத்தில் இன்ன நீளத்தில் ஒரு சொல் வர வேண்டும் என்ற கட்டளை மட்டும் அங்கே இருக்கிறது. சொல்லைக் கொண்டுவர வேண்டியவர் பாடுகிறவர்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எங்கள் இருவருக்குள் இந்த இரண்டு வழிகளைப் பற்றி நெடுநாளாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. வழக்கு யாப்பைப் பற்றியது அன்று. ஒருவர் எழுதிப் பலர் எடுத்தாளும் வலைச் செயலியோடு, அதன் பக்கங்கள் எப்படித் தோன்ற வேண்டும் என்ற வார்ப்புருவையும் சேர்த்துத் தருவதா, தராமல் விடுவதா என்பது பற்றியது. இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு அது சுவைக்குமா என்ற ஐயம் எங்களுக்கு இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க, இது நிரலர்களைக் காட்டிலும் சொல்லோடு பழகுகிறவர்களிடம் வைக்க வேண்டிய வழக்கு என்றே தோன்றியது.

எங்களுக்குக் குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்குமான வானம் பார்த்த பூமி. கரிசல் வெடித்துக் கிடக்கும் மாதங்கள் அதிகம், கண்மாய் நிறையும் மாதங்கள் குறைவு. மழை பொய்த்த ஆண்டில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதே வெள்ளாமை. 2023இல் ஜவுளிப் பூங்கா அறிவிப்போடு ‘இ.குமாரலிங்கபுரம்’ என்ற பெயரைச் செய்தித்தாளில் படித்தவர்கள், எங்கள் மாவட்டத்தில் மனிதருக்கு மட்டுமின்றி ஊருக்கும் தலைப்பெழுத்து உண்டு என்பதைக் கவனித்திருப்பார்கள். நாங்கள் மாமன் மச்சான் முறை. ஒருவர் ஊரைவிட்டு நகராதவர். மற்றவர் சென்னையில் பல ஆண்டு வேலைபார்த்துவிட்டு 2020 ஊரடங்கில் மடிக்கணினியோடு வந்து இறங்கியவர்.

செய்தியறியாத வாசகர்களுக்காகச் சற்று விளக்கம். எங்கள் கைக்கருவியின் பெயர் ஜாங்கோ. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்னும் நகரில், ஒரு நாளிதழின் வலைத்தளத்திற்காக ஏட்ரியன் ஹொலோவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவர் 2003இல் எழுதத் தொடங்கி, 2005 ஜூலையில் அனைவருக்கும் கட்டற்ற மென்பொருளாகத் திறந்துவிடப்பட்ட வலைச் சட்டகம் அது. தீவிபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தும் கிதார் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரைச் சூட்டினார்கள். (செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்ததனாலோ என்னவோ, எழுத்தை ஓரிடத்திலும் அதன் தோற்றத்தை வேறோரிடத்திலும் வைக்கும் பழக்கம் இதன் எலும்பில் ஊறியிருக்கிறது.) இதன் பெருமையே, ஒரு தளத்தைச் சிறு சிறு செயலிகளாகப் பிரித்து எழுதலாம் என்பதும், ஒரு தளத்துக்கு எழுதிய செயலியைக் கழற்றி இன்னொரு தளத்தில் மாட்டலாம் என்பதும்தான். புத்தகம் இரவல் கொடுக்கும் கணக்கை ஒருவர் எழுதிவிட்டால், பாத்திரம் இரவல் கொடுப்பவரும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கைக் கழற்றி மாட்டுவது எளிது. முகத்தைக் கழற்றி மாட்டுவதுதான் கடினம். படிப்பகத்தின் பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்பது வேறு, பாத்திரக்கிடங்கின் பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்பது வேறு. ஆகவே ஜாங்கோவில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு பக்கத்துக்கான வார்ப்புருவைத் தேடும்போது, முதலில் தளத்துக்காரர் தமக்கென வைத்திருக்கும் கோப்புறையில் தேடும். அங்கே இல்லையென்றால்தான் செயலிகள் தம்மோடு கொண்டுவந்த வார்ப்புருக்களை, அமைவுக் கோப்பில் அவை பட்டியலிடப்பட்ட வரிசைப்படி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். அதாவது வீட்டுக்காரர் சமைத்திருந்தால் அது. இல்லையென்றால் விருந்தாளி கட்டிக்கொண்டு வந்த சோறு. அந்தக் கட்டுச்சோற்றுக்குத்தான் ஆங்கிலத்தில் டீஃபால்ட் என்று பெயர்.

இதற்குத் தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. முன்னிருப்பு என்பார் சிலர். இயல்பிருப்பு என்பார் சிலர். பழைய கணினிச் சொல்லகராதி ஏதேனும் கையில் இருந்தால் கொடாநிலை என்றும் காணலாம். மூன்றும் ஒன்றையே குறிப்பதாகக் கொள்வது வழக்கம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னிருப்பு என்பது, நீங்கள் வருமுன்பே ஒன்று இங்கே இருந்தது என்று மட்டும் சொல்கிறது, நேர்மையான சொல். கொடாநிலை என்பது, நீங்கள் கொடுக்காததனால் நேர்ந்தது என்று உங்களையே சுட்டுகிறது. இயல்பிருப்பு என்னும் சொல்லை எங்களால் ஏற்க முடியவில்லை. யாரோ ஒருவர் தம் ஊரை நினைத்துச் செய்த முடிவை இயல்பு என்று அது கூப்பிடுகிறது.

இந்தச் சொல்லாராய்ச்சிக்கு ஒரு காரணம் உண்டு.

அருப்புக்கோட்டையில் தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடைநூலும் கொடுத்துச் சேலையாகத் திரும்ப வாங்கும் ஒரு கடை. கடைக்காரர் இன்னார் என்பது இங்கே வேண்டாம். பாவு எடுத்துப்போகிறவர் பெயர், எடுத்த நாள், கொடுத்த முன்பணம், சேலை வந்த நாள், கூலி, முன்பணத்தில் கழித்தது போகக் கையில் கொடுத்தது என்று நெட்டு நோட்டில் எழுதிவந்த கணக்கை, கடைக்காரரின் மகன் கணினிக்கு மாற்ற விரும்பினார். இணையத்தில் தேடி, எங்கோ யாரோ நூலகத்திற்காக எழுதிவைத்த இரவல் செயலி ஒன்றை எடுத்து மாட்டினார். அறிவான காரியம்தான், பாவும் புத்தகத்தைப் போலப் போய்த் திரும்பி வருவதுதானே. புத்தகம் என்றிருந்த இடத்தில் பாவு என்று மாற்றினார். வாசகர் என்றிருந்த இடத்தில் தறிக்காரர் பெயர்களைத் தமிழில் ஏற்றினார். முகப்பை அவர் தொடவில்லை. தொட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. வந்த முகப்பு அழகாகவே இருந்தது.

அந்த முகப்பில், காலம் கடந்தும் திருப்பித் தராதவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதிக நாள் ஆனவர் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பில். மேல்நாட்டு நூலகம் ஒன்றின் மேசைக்குப் பின்னால் நூலகர் மட்டும் பார்க்கும் திரையில் அது பயனுள்ள பட்டியல். கடையிலோ திரை கல்லாவுக்கு அருகில், நூல் எடை போட வருகிறவர்கள் நிற்கும் பக்கம் நோக்கி இருந்தது.

ஒரு தறிக்கார அம்மாள். கணவரை மதுரையில் மருத்துவமனையில் சேர்த்து உடனிருந்ததில் நாற்பது நாள் தறி ஓடவில்லை. முடியாத பாவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று கடைக்கு வந்தவர், திரையைப் பார்த்தார். ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. தம் பெயர் தெரியும். “எம்பேரு எதுக்கு அண்ணாச்சி செவப்புல கெடக்கு?” என்று கேட்டாராம். கடையில் நான்கைந்து பேர் நின்றிருக்கிறார்கள். கடைக்காரர் கெட்டவர் அல்லர். பதறிப்போய், “அது நாங்க போட்டதில்லம்மா, அதுவா வந்தது” என்று சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. அதுவாகத்தான் வந்தது. அந்த அம்மாள் மறுவாரம் பாவைத் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டு நூற்பாலை வேலைக்குப் போய்விட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். கடைக்காரரின் மகன் எங்களை அழைத்துக் காட்டியபோது, அந்தப் பட்டியலை நீக்கப் பத்து நிமிடம் ஆனது. தளத்தின் கோப்புறையில் அதே பெயரில் ஒரு கோப்பு வைத்தோம், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் மாற்றக்கூடிய ஒன்று, ஏழு மாதம் மாற்றப்படாமல் இருந்தது. முன்னிருப்புகளின் வலிமை அதில்தான் இருக்கிறது; மாற்றலாம் என்று எழுதியிருக்கும், மாற்றுவார் இருக்கமாட்டார்.

அதற்குப் பிறகுதான் இரவல் கணக்குக்கு நாங்களே ஒரு செயலி எழுதினோம். கடைக்கும் ஆகும், எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கும் ஆகும், கோவில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் அண்டா, குத்துப்போணி, ஜமுக்காளம் இரவல் கொடுக்கும் பொதுப் பாத்திரக் கணக்குக்கும் ஆகும். கணக்குப் பகுதி இரண்டு மாதத்தில் முடிந்தது. வார்ப்புரு தருவதா வேண்டாமா என்னும் பகுதியில் நின்றுபோனோம்.

எங்களுள் ஒருவர் தனதான கட்சி. அவருக்கு முன்னோடி உண்டு. ஜாங்கோ உலகில் மறுபயன்பாட்டுச் செயலிகள் குறித்து நிறையப் பேசியும் எழுதியும் வந்த ஜேம்ஸ் பென்னெட், 2007இல் உறுப்பினர் பதிவுக்கென ஒரு செயலியை வெளியிட்டார். பல்லாயிரம் தளங்கள் எடுத்தாண்ட அந்தச் செயலியோடு முகங்கள் வரவில்லை. இன்ன பெயரில் ஒரு கோப்பை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், அதற்குள் இன்ன மாறிகள் கிடைக்கும் என்ற விவரம் மட்டும் ஆவணத்தில் இருந்தது. சந்தக் குழிப்பேதான். ஜாங்கோவின் உள்ளேயே இருக்கும் பயனர் நுழைவுப் பகுதியும் இப்படித்தான்; நுழைவுப் பக்கத்தின் வார்ப்புருவை எழுத வேண்டியது உங்கள் பொறுப்பு என்று ஆவணம் சொல்லிவிடும். எழுதாமல் ஓட்டினால் மஞ்சள் தலைப்போடு ஒரு பிழைப்பக்கம் வந்து, வார்ப்புரு இல்லை என்று கத்தும். “கத்துவது நல்லதுதான். கடையில் அன்றைக்கு முதல் நாளே கத்தியிருந்தால், இந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்கள்” என்பது அவர் கட்சி.

மற்றவர் தேமா கட்சி. “யோசித்திருக்க மாட்டார்கள், மாப்பிள்ளை, செயலியைத் தூக்கிப் போட்டுவிட்டு நோட்டுக்கே திரும்பியிருப்பார்கள்” என்பார் அவர். அதிலும் உண்மை உண்டு. 2008இல் ஜேம்ஸ் டாபர் தொடங்கிய பினாக்ஸ் என்னும் திட்டத்தின் வேலையே, இப்படி முகமின்றி அலைந்த செயலிகளைத் திரட்டி, ஓடுகிற தளமாகக் கட்டி, வார்ப்புருக்களோடு கொடுப்பதுதான். கையில் எடுத்தவுடன் ஒன்று தெரிய வேண்டும் என்ற பசி உலகெங்கும் உண்டு. கரிசலில் மட்டும் இல்லாமல் போகுமா?

தருவது என்று முடிவெடுத்தாலும் தொல்லை தீராது. செயலியின் வார்ப்புரு, தளத்தின் தாய் வார்ப்புரு ஒன்றை நீட்டித்து, ‘இந்தப் பொருளை உள்ளடக்கம் என்னும் இடத்தில் வை’ என்று சொல்லும். தளத்துக்காரர் அந்த இடத்துக்கு ‘உடல்’ என்று பெயர் வைத்திருந்தால் என்ன ஆகும்? பிழைச்செய்தி வராது. தாயிடம் இல்லாத இடத்தை நிரப்பச் சொன்ன சேய் வார்ப்புருவின் பேச்சைச் சட்டகம் ஓசையின்றி விட்டுவிடும். மேலே தலைப்பு, கீழே அடிக்குறிப்பு, நடுவே வெறுமை. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஜாங்கோவின் நிர்வாகப் பகுதி தன்னோடு கடவுச்சொல் மீட்பு வார்ப்புருக்களையும் கொண்டுவருகிறது. நீங்களும் அதே பெயரில் உங்கள் செயலிக்குள் ஒன்று எழுதி, பட்டியலில் நிர்வாகப் பகுதிக்குப் பின்னால் உங்கள் செயலியை வைத்திருந்தால், கடவுச்சொல் மறந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நிர்வாகியின் பக்கம் தோன்றும். அடுத்த வீட்டு அடுக்களைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டோமோ என்று பிள்ளை திகைக்கும். ஜாங்கோ புழங்குவோர் பெரும்பாலோர் ஒருநாள் இந்தக் கதவில் முட்டிக்கொள்கிறார்கள்.

மாற்றி எழுதிக்கொள்வதற்கும் ஒரு விலை உண்டு. அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. செயலியின் கோப்பைப் படியெடுத்து நம் கோப்புறையில் வைத்துத் திருத்திய கணத்திலிருந்து அது நம் பிள்ளை. செயலி வளர்ந்தாலும் அது வளராது. 2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0, வெளியேறும் பொத்தானை வெறும் இணைப்பாக வைத்திருந்தால் ஏற்கமாட்டேன், படிவமாக அனுப்பு என்று சொல்லிவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்த நல்ல மாற்றம். நிர்வாகப் பகுதியின் சொந்த வார்ப்புருக்கள் தாமே மாறிக்கொண்டன. பழைய நாளில் படியெடுத்து வைத்திருந்த தளங்களில்தான் வெளியேறு என்று அழுத்தினால் வெளியேற முடியாமல் போயிற்று. (கணினியிலிருந்து வெளியேற முடியாமல் அமர்ந்திருந்த ஒரு பெரியவர், “நம்மூர்ச் சங்கத்துல உறுப்பினர் ஆன மாதிரில்லா இருக்கு” என்றார்.) அதே 5.0இல், படிவங்கள் தாமாக அச்சாகும் விதமும் மாறியது. அட்டவணைக் கட்டங்களாக வந்தவை தனித்தனிப் பிரிவுகளாக வரலாயின. பார்வையற்றோரின் திரைபடிப்பான்களுக்கு அதுவே ஏற்றது. அதுவரை கட்டங்களைத் துழாவிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு முன்னிருப்பு மாறியதால் வழி சற்று நேரானது. ஆக, முன்னிருப்பு தீமை செய்யும் வேகத்திலேயே நன்மையும் செய்யும், கேளாமலே செய்யும்.

எங்கள் வழக்கில் தேமா கட்சியின் பக்கம் தராசு சாய்ந்தது தமிழால்தான். செயலி ஒன்றைத் தமிழாக்க, அதன் வார்ப்புருவிலுள்ள ஆங்கிலத் தொடர்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் நேரே தமிழை எழுதி, அந்தக் கோப்பைச் செயலியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஜாங்கோவின் மொழிப்பட்டியலில் தமிழ் உண்டு. வசதி முழுதும் உண்டு. ஆனால் வார்ப்புருவே இல்லாத செயலியில் மொழிபெயர்க்கத் தொடர் எங்கே இருக்கும்? ஒவ்வொரு தளத்துக்காரரும் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். தாமே எழுதும்போது, கைப்பழக்கத்தில், ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். அருப்புக்கோட்டையிலும் அதுதான் நடக்கிறது, அண்ணா நகரிலும் அதுதான் நடக்கிறது. தமிழ் முகம் முன்னிருப்பாக வராத இடத்தில் தமிழ் முகம் வருவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு இதைப் பார்த்துவிட்டோம்.

சரி, தமிழ் முகம் என்றால் எந்தத் தமிழ்? முதல் பதிப்பில் நாங்கள் எடுத்துப் பார்த்த மாதிரிகளில் எல்லாம் பொத்தான்கள் ‘நுழை’, ‘சேமி’, ‘அழி’, ‘தேடு’ என்று இருந்தன. ஆங்கிலத்தில் ஏவலுக்கு முகம் கிடையாது, தமிழில் உண்டு. படிப்பகத்தில் வைத்துச் சோதித்தபோது, எண்பதைத் தொடும் அப்பத்தா ஒருவர், பேரன் கையிலிருந்த கைபேசியை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “நொழையா? என்னலே இது, மாட்டத் தொழுவத்துக்குப் பத்துற மாதிரி பேசுது” என்றார். பேரனுக்குச் சிரிப்பு. எங்களுக்கு அன்றிரவு முழுக்க வேலை. ‘நுழையவும்’ என்று போட்டால் அரசு அலுவலகத்து அறிவிப்புப் பலகை; ‘நுழையுங்கள்’ என்றால் பொத்தான் நீண்டு கைபேசித் திரையில் இரண்டு வரியாக உடைகிறது. கடைசியில் கைகொடுத்தது வியங்கோள். ‘நுழைக’, ‘சேமிக்க’, ‘தேடுக’. வியங்கோள் வினைமுற்று எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொது என்பது நன்னூல் தரும் விதி. மூத்தவரா இளையவரா, ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று தெரியாத ஒருவரிடம் மரியாதை கெடாமல் பேச இலக்கணம் முன்பே ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. அதைக் கல்வெட்டுக்கும் வாழ்த்துப்பாவுக்கும் மட்டும் ஒதுக்கிவைத்திருந்தோம். ‘அழி’ என்பதை மட்டும் ‘அழிக்க’ என்று ஆக்க மனமில்லை. கணக்கேட்டில் அச்சொல்லைப் பார்த்தாலே கடைக்காரர்களுக்கு ஆகாது. ‘நீக்குக’ என்றோம்.

பெயர்க் கட்டம் இன்னொரு தலைவலி. ஜாங்கோவின் பயனர் கணக்கு பிறக்கும்போதே முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்களோடு பிறக்கிறது. எங்கள் பக்கத்தில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கும். அது தந்தை பெயரின் எழுத்து, சிலருக்குத் தாய் பெயரின் எழுத்து. குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. ஒரே தெருவில் நான்கு முத்துமாரிகள். நோட்டுக் கணக்கில் ‘கிழக்குத்தெரு முத்துமாரி’, ‘டீக்கடை மதினி’ என்று எழுதியிருந்ததைக் கடைசிப்பெயர்க் கட்டத்தில் அடைக்க முயன்றால், பட்டியல் ‘கிழக்குத்தெரு’வின் அகரவரிசையில் வருகிறது. எங்கள் வார்ப்புருவில் ‘பெயர்’ என்று ஒரே கட்டமும், ‘எப்படி அழைப்பார்கள்?’ என்று இன்னொரு கட்டமும் வைத்தோம். பின்னது கட்டாயம் அன்று. ஆனால் அதைத்தான் எல்லோரும் முதலில் நிரப்புகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நிலுவைப் பட்டியல் அப்படியே நின்றது. அதைத் தரத்தான் வேண்டும் என்றார் தேமா கட்சிக்காரர். சிவப்பில்லாமல், பெயர் மறைத்துத் தருவோம் என்றார். அதைத் தரவே கூடாது என்றார் மற்றவர். இந்த இழுபறியில்தான் ஒரு கல்யாணப் பத்திரிகை வேலையாக அச்சகத்துக்குப் போக நேர்ந்தது.

அச்சகத்து மாதிரி ஆல்பம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நிகழும் இன்ன ஆண்டு இன்ன திங்கள் இன்ன நாள் என்று தொடங்கி, சுற்றமும் நட்பும் சூழ வர வேண்டுவதுவரை வாசகம் முழுக்க முன்பே இருக்கும். பெயரும் நாளும் மண்டபமும் மட்டும் மாறும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்கள் பாதிக்கு மேல் இந்த வாசகங்களின்மீதுதான் நடக்கின்றன, எவரும் குறைப்பட்டதில்லை. ஈயஎழுத்துக் கோத்த காலத்திலிருந்து அத்தொழிலில் இருக்கும் முதியவர், நாங்கள் ஆல்பத்தில் ஒன்றைக் காட்டியதும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு முதல் கேள்வியாக, “மேல என்ன துணை போட?” என்றார். ஆல்பத்தில் எல்லா வரியும் நிறைந்திருக்க, உச்சியில் மட்டும் ‘துணை’ என்ற சொல்லுக்கு முன்னால் புள்ளிகள் இருந்தன. ஏன் அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். “குலசாமிய நானா போட முடியும்? ஒரு வீட்டுக்கு அய்யனாரு, ஒரு வீட்டுக்குக் காளி, ஒருத்தரு சாமியே வேண்டாம் குறளப் போடுங்கம்பாரு. மாதிரிக்குன்னு ஒரு சாமியப் போட்டு வச்சா, பாக்காம அப்படியே அடிச்சிட்டுப் போயிருவாக. அப்புறம் சண்டைக்கு நாந்தான நிக்கணும்” என்றார்.

வெளியே வந்து தேநீர் குடிக்கும்வரை நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு கட்சிக்கும் அவர் ஒருங்கே தீர்ப்புச் சொல்லியிருந்தார். வாசகத்துக்குத் தேமா; துணைக்குத் தனதான.

இப்போது செயலி அப்படித்தான் இருக்கிறது. நுழைவு, பதிவு, ஒருவர் தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளும் பக்கம், கொடுத்ததும் வாங்கியதும் பதியும் பக்கம் ஆகியவற்றுக்குத் தமிழில் வார்ப்புரு உண்டு. அழகு குறைவுதான், வண்ணம் ஏதும் பூசவில்லை, பூச விரும்புகிறவர் பூசிக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்தையும் சிறு துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கிறோம். ஒரு துண்டை மாற்ற முழுப்பக்கத்தையும் படியெடுக்க வேண்டியதில்லை. பிறர் நிலுவையைப் பிறர் காணும் பக்கத்துக்கு மட்டும் வார்ப்புரு இல்லை. அது மஞ்சள் பக்கமாகக் கத்துவதிலும் எங்களுக்கு விருப்பமில்லை. 2014இல் வந்த ஜாங்கோ 1.7 முதல், தளம் கிளம்பும்போதே செயலிகள் தம் குறைகளை எடுத்துச்சொல்ல ஒரு வசதி இருக்கிறது. அதன்வழி, தளம் ஓடத் தொடங்கும்போது ஒரு கேள்வி தமிழில் எழுகிறது: இந்தப் பட்டியலை யார் யார் காண்பார்கள்? அதற்கேற்ற வார்ப்புருவை நீங்களே எழுதுக.

கடைக்காரரின் மகன் அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து, பட்டியலே வேண்டாம், அவரவர் கணக்கு அவரவருக்குத் தெரிந்தால் போதும் என்று அப்பா சொன்னதாகச் சொன்னார். படிப்பகத்தில் பட்டியல் கேட்டார்கள். புத்தகத்தின் பெயர் மட்டும் போதும், எடுத்தவர் பெயர் வேண்டாம் என்று எழுதிக்கொண்டார்கள். பாத்திரக் கணக்குப் பையன்கள்தாம் முழுப் பெயரோடும் பட்டியல் எழுதினார்கள். அண்டா ஒன்று எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் அடுத்த கல்யாணத்துக்குச் சோறு வேகாது. அங்கே அதுவே நியாயம்.

இதில் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்தப் பையன்கள் எழுதிய வார்ப்புருவைப் பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிப்போனார்கள். அவர்களிடமிருந்து இன்னொரு ஊர். நாங்கள் தராமல் வைத்த முன்னிருப்பை வாட்ஸ்அப்பில் ஊர்கள் தமக்குள் அனுப்பிக்கொண்டுவிட்டன. சென்ற மாதம் ஒருவர் அதை எங்களுக்கே அனுப்பி, உங்கள் செயலியில் இது விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். திறந்து பார்த்தோம். பெயர்கள் அகரவரிசையில் இருக்கின்றன, நாள் கணக்கு இல்லை, சிவப்பு இல்லை. ‘எப்படி அழைப்பார்கள்’ என்ற கட்டத்திலிருந்துதான் பெயரை எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, திருப்பித் தராதது என்று எழுதாமல், ‘இவர்களிடம் பத்திரமாக உள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த பதிப்பில் இதைச் சேர்ப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. வெள்ளாமை வேலை முடியட்டும், பொறுமையாகப் பேசிக்கொள்வோம் என்கிறார் எங்களுள் ஒருவர். மற்றவர் தம் மடிக்கணினியில் அதைச் சேர்த்துச் சோதித்தும் பார்த்துவிட்டார்.